கீல் என்னும் உவமை: முழங்கை மூட்டின் இயக்கம் பற்றிய அறிவு வரலாற்றில் வடிவமும் விசையும்

ஆய்வுச் சுருக்கம்

முழங்கை மூட்டைக் கீலோடு ஒப்பிட்டு விளக்கும் வழக்கம் மிகப் பழமையானது. கிரேக்க மருத்துவர் கேலனின் வகைப்பாடு முதல் இன்றைய தமிழ்ப் பள்ளிப் பாடநூல் வரை இவ்வொப்புமை தொடர்கிறது. மூட்டின் வடிவத்தை உணர்த்தும் இப்பெயர், மூட்டு தாங்கும் விசையையும் அதன் பரப்புகளுக்கு இடையேயுள்ள உராய்வையும் உணர்த்துவதில்லை. வடிவத்தை முதன்மையாகக் கொண்ட அறிவு, விசையையும் உராய்வையும் முதன்மையாகக் கொண்ட அறிவாக மாறிய வரலாற்றைச் சுசுருத சங்கிதை, கேலன், பொரெல்லி, வில்லியம் ஹண்டர், சார்ன்லி ஆகியோர் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. 1970-களில் முழங்கைக்குப் பதிலாகப் பொருத்தப்பட்ட உலோகக் கீல்கள் தளர்ந்துபோன நிகழ்வு, அவ்வுவமையின் எல்லையைக் காட்டிய வரலாற்றுச் சான்று என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: முழங்கை, கீல் மூட்டு, நெம்புகோல், உராய்வு, உயவு, செயற்கை மூட்டு, கலைச்சொல்

முன்னுரை

உடலின் எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் இடத்தைத் தமிழ் பல சொற்களால் குறித்து வந்துள்ளது. மூட்டு, பொருத்து, சந்து, கணு, மொழி, கீல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் கீல் என்னும் சொல் தனிக் கவனத்திற்குரியது. கதவும் பெட்டியின் மூடியும் திறந்து மூடுவதற்கு அமைந்த பொறியும் கீல். உடலின் மூட்டும் கீல். மூட்டுகளில் தோன்றும் வலியும் வீக்கமும் கீல்வாதம் எனப்படுகின்றன. முழம், முழங்கை, முழங்கால் ஆகிய மூன்றும் ஒரே அடிச்சொல்லைச் சார்ந்து நிற்பதும் நோக்கத்தக்கது. மடங்கும் இடம் உடலுறுப்புக்குப் பெயராகி, அவ்விடத்திலிருந்து விரல்நுனி வரையிலான நீளம் அளவைக்கும் பெயராகியிருக்கிறது.

இன்றைய பாடநூல்கள் அசையும் மூட்டுகளைப் பந்துக் கிண்ண மூட்டு, கீல் மூட்டு, முளை மூட்டு, சேண மூட்டு, வழுக்கு மூட்டு எனப் பகுக்கின்றன. வழுக்கு மூட்டு நீங்கலாக மற்றவை ஏதேனும் ஒரு பொருளின் வடிவத்தைக் கொண்டு பெயர் பெற்றவை. முழங்கை கீல் மூட்டுக்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுகிறது. இப்பெயரால் மாணவர் பெறும் அறிவு எத்தகையது? எதனை இப்பெயர் விளக்குகிறது, எதனை மறைக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண, அப்பெயர் தோன்றி நிலைபெற்ற வரலாற்றையும், அப்பெயரைக் கடந்து அறிவு வளர்ந்த வரலாற்றையும் ஒருங்கே நோக்க வேண்டியுள்ளது.

வடிவம்வழிப் பகுப்பு: சுசுருதரும் கேலனும்

மூட்டுகளை எண்ணி வகைப்படுத்திய பழைய நூல்களுள் சுசுருத சங்கிதை குறிப்பிடத்தக்கது. அதன் சாரீரத்தானம் உடலில் 210 எலும்பு மூட்டுகள் உள்ளன எனக் கணக்கிடுகிறது. கைகால்களில் 68, உடற்பகுதியில் 59, கழுத்திலும் அதற்கு மேலும் 83 என்பது அதன் பகுப்பு. அசைவன, அசையாதன என இருபெரும் பிரிவுகளைச் சுட்டிய பின்னர், வடிவத்தால் எட்டு வகைகளை அந்நூல் கூறுகிறது: கோரம், உலூகலம், சாமுத்கம், பிரதரம், துன்னசேவனி, வாயசதுண்டம், மண்டலம், சங்காவர்த்தம்.

இப்பெயர்கள் அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை. உலூகலம் என்பது உரல். அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள மூட்டுகள் இவ்வகையின. துன்னசேவனி என்பது தையல். மண்டையோட்டு எலும்புகளின் பொருத்து இதனுள் அடங்கும். வாயசதுண்டம் காக்கையின் அலகு. தாடை மூட்டுக்கு இப்பெயர். முழங்கை, முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால், விரல் மூட்டுகள் ஆகியன கோரம் என்னும் வகையில் வைக்கப்பட்டுள்ளன. இக்காலத்து விளக்கவுரையாளர் பலர் கோரத்தைக் கீல் என்றே பொருள்கொள்கின்றனர்.

மத்தியதரைக் கடல் உலகில் இப்பணியைச் செய்தவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன். தொடக்கநிலை மாணவருக்காக எலும்புகளைப் பற்றி அவர் எழுதிய சிறுநூல், அசையும் மூட்டுகளை மூன்றாகப் பகுக்கிறது. ஆழ்ந்த குழியில் உருண்டைத் தலை பொருந்துவது ஒன்று; ஆழமற்ற குழியில் பொருந்துவது மற்றொன்று; இரண்டு எலும்புகளும் ஒன்றினுள் ஒன்று மாறிமாறிப் புகுந்து நிற்பது மூன்றாவது. இம்மூன்றாம் வகைக்கு அவர் கையாண்ட பெயர் ‘கிங்கிலுமோஸ்’. கிரேக்கத்தில் அது கதவுக் கீலைக் குறிக்கும் சொல். அதற்கு அவர் காட்டும் முதன்மையான எடுத்துக்காட்டு முழங்கை.

உறுப்புகளின் பயன் பற்றிய தம் பெருநூலில் கேலன் மேலும் ஒரு நுட்பத்தைக் கண்டார். முன்கையில் இரண்டு எலும்புகள் இருப்பதற்குக் காரணம் இரண்டு வேறு இயக்கங்கள் தேவைப்படுவதே என்றார். அல்னா எலும்பு மடக்கலுக்கும் நீட்டலுக்கும் உரியது. ஆரை எலும்பு உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புதற்கு உரியது. இக்காலப் பகுப்பின்படி முழங்கை என்பது ஒரே உறைக்குள் அடங்கிய மூன்று மூட்டுகளின் தொகுதி. புயவெலும்புக்கும் அல்னாவுக்கும் இடையில் ஒன்று, புயவெலும்புக்கும் ஆரைக்கும் இடையில் ஒன்று, ஆரைக்கும் அல்னாவுக்கும் இடையில் ஒன்று. முதலாவது கீலை ஒத்தது. மூன்றாவது வளைய நாரினுள் ஆரையின் தலை சுழலும் முளை. ஆகவே ‘முழங்கை ஒரு கீல்’ என்னும் கூற்று, அதனைக் கூறியவர் காலத்திலேயே முழு உண்மையாக இல்லை.

1543-இல் பாசெல் நகரில் வெளிவந்த வெசாலியசின் உடற்கூற்றுப் பெருநூல், கேலனின் பல பிழைகளைத் திருத்தியது. கீழ்த்தாடை ஒரே எலும்பு என்பதை அந்நூல் நிறுவியது. ஆயினும் மூட்டு வகைப்பாட்டில் கேலன் அமைத்த சட்டகமே தொடர்ந்தது. வெசாலியசுக்கு ஒரு தலைமுறைக்கு முன், 1510-ஐ ஒட்டிய ஆண்டுகளில், லியொனார்தோ தா வின்சி முன்கையின் எலும்புகளை வரைந்து, இருதலைத் தசை முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது என்று குறித்து வைத்தார். அவருடைய தாள்கள் நெடுங்காலம் அச்சேறாமையால் அக்குறிப்பு அக்கால மருத்துவக் கல்வியில் இடம்பெறவில்லை. அத்தசையின் இவ்விரட்டைத் தொழில், 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் துய்ஷேன் தனித்தனித் தசைகளை மின்னூட்டத்தால் சுருங்கச் செய்து 1867-இல் வெளியிட்ட நூலில் சோதனை வழியாக விளக்கம் பெற்றது.

வடிவத்திலிருந்து விசைக்கு: பொரெல்லியின் தலைகீழ் முடிவு

வடிவத்தை விவரித்த இம்மரபில் கேட்கப்படாத வினா ஒன்று இருந்தது. கையில் ஒரு பொருளை ஏந்தி நிற்கும்போது முழங்கையின் தசை எவ்வளவு விசையுடன் இழுக்கிறது? இவ்வினாவைக் கணிதமாக மாற்றியவர் ஜொவான்னி அல்போன்சோ பொரெல்லி. 1608-இல் நேப்பிள்சில் பிறந்த இவர் மெசினாவிலும் பீசாவிலும் கணிதம் கற்பித்தவர். பீசாவில் உடற்கூற்றறிஞர் மல்பீகியுடன் நெருங்கிப் பழகியவர். இறுதிக் காலத்தில் உரோமையில், அரசுரிமை துறந்த சுவீடன் நாட்டுக் கிறிஸ்தீனாவின் ஆதரவில் வாழ்ந்தார். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல், 1679-இன் இறுதியில் அவர் இறந்த பின், 1680-81-இல் இரு பகுதிகளாக வெளிவந்தது.

நெம்புகோலின் விதி ஆர்க்கிமிடீசு காலந்தொட்டு அறியப்பட்டதே. சிறு விசையால் பெருஞ்சுமையை அசைக்க உதவும் கருவி என்றே அது கருதப்பட்டது. உடலிலும் இயற்கை இக்கருவியை அவ்வாறே, சிறு முயற்சியால் பெரும்பயன் கிட்டுமாறு அமைத்திருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. பொரெல்லி இதனை மறுத்தார். உடலில் நெம்புகோல்கள் உள்ளன என்பது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் தசைக்குப் பாதகமாகவே அமைந்துள்ளன என்று அவர் காட்டினார்.

இதனை எளிய கணக்கால் விளக்கலாம். புயம் செங்குத்தாகத் தொங்க, முன்கை கிடைமட்டமாக நிற்கிறது எனக் கொள்வோம். உள்ளங்கையில் 5 கிலோ எடை உள்ளது. அது மூட்டின் அச்சிலிருந்து ஏறத்தாழ 35 செ.மீ. தொலைவில் இருக்கிறது. முன்கையும் கையும் சேர்ந்து 2 கிலோ எனவும், அவற்றின் எடைமையம் அச்சிலிருந்து 15 செ.மீ. தொலைவில் எனவும் வைத்துக்கொள்ளலாம். மடக்கும் தசையின் நாண் அச்சிலிருந்து 5 செ.மீ. தொலைவில் மேல்நோக்கி இழுக்கிறது. சுமைகளின் திருப்புத்திறன் 175-உம் 30-உம் சேர்ந்து 205. இதனை 5-ஆல் வகுக்கத் தசையின் இழுவிசை 41 கிலோ எடைக்குச் சமமாகிறது. மேல்நோக்கிய இந்த 41-இலிருந்து கீழ்நோக்கிய 7 கிலோவைக் கழித்தால், எஞ்சும் 34 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் முன்கை எலும்புகள் புயவெலும்பின் மீது அழுத்துகின்றன. கையில் உள்ளது 5 கிலோ. மூட்டில் உள்ளது 34 கிலோ.

இவ்விழப்புக்கு ஈடாகக் கிடைப்பது வேகமும் வீச்சும். தசை 1 செ.மீ. சுருங்கினால் கை ஏறத்தாழ 7 செ.மீ. நகர்கிறது. தசைநார்கள் தம் நீளத்தில் ஓரளவே சுருங்க வல்லவை. ஆதலால் நாண் மூட்டுக்கு அருகில் பொருந்தியிருப்பதே கைக்கு விரைவைத் தருகிறது. விசையில் இழந்து விரைவில் பெறும் இவ்வமைப்பைக் கீல் என்னும் சொல் சிறிதும் குறிப்பால் உணர்த்துவதில்லை. கதவுக் கீலில் பெரும்பாலும் கதவின் எடையே தங்குகிறது. அதனை அசைக்கும் கை வெளியே, கீலுக்கு வெகுதொலைவில், கைப்பிடியைப் பற்றி இழுக்கிறது. முழங்கையிலோ இழுப்பது கீலின் ஓரத்திலேயே நிகழ்கிறது. கைப்பிடியைக் கீலை ஒட்டிப் பொருத்திய கதவுக்கே முழங்கை ஒப்பானது.

பொரெல்லியின் விளக்கங்கள் யாவும் நிலைபெறவில்லை. நரம்பின் வழி வரும் சாறு குருதியுடன் கலந்து நுரைத்துப் பொங்குவதால் தசை உப்பிச் சுருங்குகிறது என்ற அவருடைய கருத்து பின்னர்க் கைவிடப்பட்டது. ஆயினும் மூட்டை விசைகளின் சமநிலையாகக் காணும் முறை நிலைத்தது. 1836-இல் வில்கெல்ம் வேபர், எடுவார்ட் வேபர் ஆகிய உடன்பிறந்தோர் மனித நடையின் இயந்திரவியலை ஆராய்ந்து, முழங்காலில் எலும்புகள் உருள்தலும் வழுக்குதலும் ஒருங்கே நிகழ்வதை விவரித்தனர். 1889-இல் பிரவுனே, பிஷர் ஆகியோர் முழங்கையை மடக்கும் தசைகளின் திருப்புத்திறன்களை ஆராய்ந்தனர். நாணுக்கும் அச்சுக்கும் இடையிலான தொலைவு மாறிலி அன்று. கை நீண்டிருக்கும்போது குறைந்தும், செங்கோணத்தை அணுகும்போது மிகுந்தும் அது மாறுகிறது. ஒரே சுமை கையின் நிலைக்கேற்பக் கனத்தும் இலேசாகியும் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணம்.

உராய்வும் உயவும்: அச்சாணி உவமை

5 கிலோவை ஏந்துகையில் 34 கிலோவைத் தாங்கும் மூட்டு, வாழ்நாள் முழுதும் பல இலட்சம் முறை மடங்கியும் தேயாதிருப்பது எவ்வாறு? விசையின் அளவு தெரிந்த பின்னரே இவ்வினாவின் கடுமை புலப்படும். எனினும் வழவழப்பு பற்றிய சிந்தனை அதற்கு மிக முன்பே தோன்றிவிட்டது.

எண்ணெய் பூசிய அச்சில் சக்கரம் இனிது சுழல்வதுபோல, சிலேட்டுமம் தங்கிய மூட்டுகள் இனிது இயங்குகின்றன என்னும் கருத்தைச் சுசுருத சங்கிதை உரைக்கிறது. எட்டுவகைப் பெயர்கள் மூட்டின் தோற்றத்தைக் கூற, இவ்வுவமை அதன் செயலைக் கூறுகிறது. வண்டி அச்சுக்கு எண்ணெயிடும் பழக்கத்திலிருந்து பிறந்த இவ்வுவமையைத் தற்கால உயவியல் கோட்பாட்டோடு சமப்படுத்துதல் முறையன்று. இதில் அளவீடு இல்லை. உராய்வின் விதி இல்லை. ஆனால் மூட்டின் நலம் அதன் வடிவத்தை மட்டுமே சார்ந்ததன்று, பரப்புகளுக்கு இடையிலுள்ள நெய்ப்பையும் சார்ந்தது என்னும் நோக்கு இதில் உள்ளது. வடிவப் பெயர்களின் பட்டியலுக்குள் இந்நோக்கு அடங்காமல், தனி உவமையாக வேறோர் இடத்தில் வந்திருப்பது கருதற்குரியது.

ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் பாராசெல்சசு ‘சைனோவியா’ என்னும் சொல்லை ஆக்கினார். 1691-இல் ஆங்கிலேய மருத்துவர் கிளாப்டன் ஹாவர்சு எலும்புகள் பற்றிய நூலில் மூட்டின் உள்ளுறையையும் அங்கு ஊறும் வழுவழுப்பான நீரையும் விவரித்தார். 1743-இல் வில்லியம் ஹண்டர் இலண்டன் அரச கழகத்துக்கு அளித்த கட்டுரை, எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பின் அமைப்பையும் நோயையும் பற்றியது. அழிந்த குருத்தெலும்பு மீண்டும் உருவாவதில்லை என்பதை அக்கட்டுரை தெளிவுறக் கூறியது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் இக்கூற்று பெருமளவு மாறாமல் நிற்பதே, மூட்டுத் தேய்வு நோயின் மருத்துவம் இன்றும் கடினமாக இருப்பதற்கு அடிப்படை.

1932-இல் மக்கோனைல், பொறிகளின் தாங்கிகளில் எண்ணெய்ப் படலம் பரப்புகளைப் பிரித்து வைப்பதுபோல மூட்டிலும் நீர்ப்படலம் செயல்படுகிறது எனக் கருதினார். 1950-களின் இறுதியில் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி இதனை ஐயுற்றார். மூட்டு மெதுவாகவும் முன்னும் பின்னுமாகவும் அசைவது. அசைவு நிற்கும் ஒவ்வொரு முறையும் படலம் நிலைக்க வாய்ப்பில்லை என்பது அவர் வாதம். குருத்தெலும்பின் பரப்பும் அதனைப் பற்றி நிற்கும் நீரும் சேர்ந்தே வழுக்கலைத் தருகின்றன என்று அவர் கொண்டார். அவர் அளந்த உராய்வு, பனிக்கட்டியின் மீது எஃகு சறுக்கும்போது எழும் உராய்வைவிடக் குறைவு. அதே காலத்தில் மெக்கட்சன், அழுத்தப்படும் குருத்தெலும்பு தன்னுள் உள்ள நீரைக் கசியவிட்டு அந்நீராலேயே சுமையைத் தாங்குகிறது என்னும் விளக்கத்தை முன்வைத்தார்.

உவமை உலோகமான காலம்

விசையையும் உராய்வையும் பற்றிய இவ்வறிவு ஏட்டளவில் நிற்கவில்லை. செயற்கை மூட்டுகளை உடலில் பொருத்தத் தொடங்கியபோது, வடிவத்தைப் பின்பற்றுவதா விசையைப் பின்பற்றுவதா என்னும் வினா நோயாளிகளின் வாழ்வோடு தொடர்புடையதாயிற்று. இம்முயற்சியில் முதலில் வெற்றி கண்டது இடுப்பு மூட்டு. அவ்வெற்றியின் வழியே அறுவை மருத்துவம் முழங்கைக்கு வந்தது. ஆகவே இடுப்பின் கதையைச் சுருக்கமாக அறிதல் தேவையாகிறது.

1946-இல் பாரிசில் ஜூடே உடன்பிறந்தோர், தொடையெலும்பின் தலையை ஒத்த அளவிலும் உருவிலும் அக்ரிலிக் பிளாசுத்திக்கால் செய்த உருண்டையைப் பொருத்தினர். வடிவம் இயற்கையை ஒத்திருந்தது. ஆனால் குருத்தெலும்பின் வழுக்கல் அதற்கு இல்லை. சிலருடைய மூட்டு அசையும்போதெல்லாம் கிறீச்சென்று ஒலித்தது. அவ்வொலி உயர்ந்த உராய்வின் அடையாளம் என்றும், உராய்வே பொருத்தியதைத் தளர்த்துகிறது என்றும் சார்ன்லி உணர்ந்தார்.

இலங்காசயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் அமைத்த மூட்டு இயற்கையின் உருவிலிருந்து வேண்டுமென்றே விலகியது. இயற்கையான தொடையெலும்புத் தலையின் விட்டம் 45 முதல் 50 மி.மீ. வரை. சார்ன்லியின் உலோகத் தலை 22 மி.மீ. அளவே. காரணம் பொரெல்லி கையாண்ட அதே நெம்புகோல் கணக்கு. உராய்வு விசை உருண்டையின் பரப்பில் செயல்படுகிறது. உருண்டையின் ஆரமே அதன் கை. ஆரத்தைப் பாதியாக்கினால், கிண்ணத்தைப் பிடித்துத் திருகும் திருப்புத்திறனும் பாதியாகும். கிண்ணத்துக்கு முதலில் அவர் தெரிந்தெடுத்த டெஃப்லான் விரைவில் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைப் பழுதாக்கின. பல நோயாளிகளுக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 1962-இன் இறுதியில் அடர்மிகு பாலிஎத்திலீனுக்கு அவர் மாறிய பின்னரே அம்முறை நிலைபெற்றது. இடுப்பு மூட்டின் விசை உடல் எடையை விடப் பன்மடங்கு என்பதை 1935-இல் பௌவெல்சு கணக்கிட்டிருந்தார்; 1966-இல் சுவீடனின் ரிடெல், அளவுமானி பொருத்திய செயற்கை மூட்டுகளைக் கொண்டு உயிருள்ள உடலிலேயே அவ்விசையை அளந்தார்.

இடுப்பில் கண்ட வெற்றி முழங்கைக்கும் விரிந்தது. முடக்குவாதத்தால் முழங்கை அழிந்தோருக்கு 1970-களின் தொடக்கத்தில் உலோகக் கீல்கள் பொருத்தப்பட்டன. இங்கிலாந்தில் ரோஜர் டீ 1972-இல் வெளியிட்ட முறை இவற்றுள் நன்கறியப்பட்டது. புயவெலும்பின் உட்குழலில் ஒரு தண்டு, அல்னாவின் உட்குழலில் ஒரு தண்டு, இரண்டையும் இணைக்கும் ஓர் அச்சு. தண்டுகளை எலும்போடு இறுக்கச் சார்ன்லி பயன்படுத்திய அக்ரிலிக் பசை. கேலன் உவமையாகச் சொன்ன கீல் இப்போது உண்மையான கீலாகவே உடலினுள் அமர்ந்தது.

வலி நீங்கியது, கை மடங்கியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் இறுக்கக் கீல்கள் பல, எலும்பிலிருந்து தளர்ந்துபோயின. தளர்ந்த தண்டு எலும்பை உள்ளிருந்து அரித்தது. காரணத்தை ஆராய்ந்தபோது முழங்கை உண்மையில் கீலன்று என்பது வெளிப்பட்டது. 1976-இல் மொரே, சாவோ ஆகியோர் முழங்கையின் இயக்கத்தை மூன்று பரிமாணங்களில் அளந்தனர். மடக்கல் அச்சு ஏறத்தாழ நிலையானதே; எனினும் மடக்கலின்போது முன்கை தன் நீளவாட்டில் சில பாகை திரும்பவும் செய்கிறது. பக்கவாட்டிலும் சிறிது நெகிழ்வு உண்டு. இயற்கை மூட்டில் இச்சிறு திருகல்களைப் பக்க நார்களும் தசைகளும் ஏற்றுக்கொள்கின்றன. இறுக்கமான உலோகக் கீல் அவற்றுக்கு இடந்தராமையால், திருகல் முழுதும் பசைக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட பொருத்துக்குக் கடத்தப்பட்டது. முன்னர்க் கணக்கிட்ட பெருவிசையும் அதனோடு சேர்ந்தது. பொருத்து தளர்ந்தது.

இதன்பின் இருவழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று, இரு பகுதிகளையும் இணைக்காமல் தேய்ந்த பரப்புகளை மட்டும் மாற்றி, நார்களையே நம்புவது. மற்றொன்று, இணைப்பை வைத்துக்கொண்டு அதனுள் சில பாகை ஆட்டத்தை வேண்டுமென்றே அனுமதிக்கும் தளர்கீல். கூன்ராடு–மொரே எனப்படும் அமைப்பு இவ்விரண்டாம் வழியைச் சார்ந்தது. திறமைமிக்க கைவினைஞர் குறையெனக் கருதும் ‘ஆட்டம்’ இங்கு நீடித்த உழைப்புக்குத் தேவையாயிற்று.

முழங்கை முழு நீட்சியிலிருந்து ஏறத்தாழ 140 பாகைக்கு மேலும் மடங்க வல்லது. அன்றாடப் பணிகளுக்கு இவ்வளவும் தேவையில்லை என்பதையும் மொரேயும் உடனாய்வாளரும் 1981-இல் காட்டினர். உண்ணல், தலைவாரல், கதவு திறத்தல் போன்றவற்றுக்கு 30 முதல் 130 பாகை வரையிலான மடக்கலும், உள்ளங்கையை இருபுறமும் 50 பாகை திருப்புதலும் பெரும்பாலும் போதுமானவை. மருத்துவத்தின் இலக்கு உருவத்தின் முழுமையிலிருந்து பயன்பாட்டின் அளவுக்கு மாறியதை இவ்வெண்கள் காட்டுகின்றன. செயற்கை முழங்கை பொருத்தப்பட்டோர் ஒரே தடவையில் சுமார் 4 முதல் 5 கிலோவுக்கு மேல் தூக்கலாகாது என அறிவுறுத்தப்படுவது வழக்கம். கீல் என்ற பெயரை மட்டும் அறிந்தோர்க்கு இவ்வரம்பு மிகையான எச்சரிக்கையாகத் தோன்றும். 5 கிலோ 34 கிலோவாகும் கணக்கை அறிந்தோர்க்கு அதன் காரணம் விளங்கும்.

தமிழில் மூட்டுப் பெயர்கள்

வடிவம்வழிப் பகுப்பு ஐரோப்பிய மரபில் தமிழுக்கு வந்த வழிகளுள் ஒன்று யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்வி. 1847-இல் இலங்கை வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியையும் நடத்தினார். 1858-இல் இலண்டனில் முதலில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் வெளிவந்தது. கிரேயின் நூல் மூட்டுகளைக் கேலன் வழிவந்த சட்டகத்திலேயே பகுத்தது. முழங்கை அதில் ‘கிங்கிலுமசு’ வகையினது. ஆகவே கிரேக்கக் கதவுக்கீல், இலத்தீன், ஆங்கில நூல்களைக் கடந்து, முன்னரே உடல் மூட்டைக் கீல் என வழங்கிய மொழியை வந்தடைந்தது. ஒத்த உவமையுடைய இரு மரபுகள் கூடியதால் அச்சொல் ஐயமின்றி ஏற்கப்பட இடமிருந்தது.

கலைச்சொல் ஆக்கத்தில் எளிமையும் பொருள்விளக்கமும் முதன்மையாகப் போற்றப்படுகின்றன. கீல் மூட்டு அவ்விரண்டையும் உடையது. ஆனால் ஒரு கலைச்சொல் தான் பிறந்த காலத்து அறிவின் எல்லையையும் உடன் சுமந்து வருகிறது. கலைச்சொல் அகராதி ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ச் சொல்லை மட்டும் நிறுத்தும்போது, அவ்வெல்லை பயில்வோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சு, நெம்புகை, திருப்புத்திறன், நெகிழ்வு, உராய்வு, உயவு ஆகிய சொற்கள் இயற்பியல் பாடத்தில் வழங்குகின்றன. உயிரியல் பாடத்தின் மூட்டுப் பகுதியில் அவை அரிதாகவே இடம்பெறுகின்றன. ஒரே மாணவர் ஒரே ஆண்டில் கற்கும் இவ்விரு பாடங்களும் முழங்கையில் சந்திக்காமல் விலகிச் செல்கின்றன.

முடிவுரை

முழங்கையின் இயக்கம் பற்றிய அறிவு மூன்று படிகளைக் கடந்துள்ளது. முதற்படியில் அது எதனைப் போன்றது என்று கேட்கப்பட்டது. சுசுருதரும் கேலனும் தத்தம் சூழலிலிருந்து உவமை கண்டனர். இரண்டாம் படியில் அது எவ்வளவு தாங்குகிறது என்று கேட்கப்பட்டது. இயற்கை விசையைச் சிக்கனம் செய்கிறது என்ற நம்பிக்கையைப் பொரெல்லி மறுத்தார். மூன்றாம் படியில் அது ஏன் தேய்வதில்லை என்று கேட்கப்பட்டது; ஹண்டர் முதல் சார்ன்லி வரையிலானோர் குருத்தெலும்பையும் உயவையும் ஆராய்ந்தனர். பின்வந்த படி முந்தைய படியை அழிக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டியது.

இவ்வெல்லை சொல்லளவில் நின்றிருந்தால் அது மொழியாராய்ச்சியின் பொருளாக மட்டும் இருந்திருக்கும். 1970-களில் தளர்ந்த உலோகக் கீல்கள், அதனை உடல்நலத்தின் பொருளாக்கின. உருவத்தைப் பின்பற்றிய ஜூடே உருண்டை கிறீச்சிட்டது. உருவத்தைக் கைவிட்டு விசையைக் கணக்கிட்ட சார்ன்லியின் சிறிய தலை நிலைத்தது. உவமையை எழுத்தெண்ணிப் பின்பற்றிய முழங்கைக் கீல் தளர்ந்தது.

கீல் என்னும் சொல்லை விலக்க வேண்டியதில்லை. தமிழில் அது வேரூன்றிய சொல். தொடக்கநிலை மாணவருக்கு முழங்கையின் மடக்கலை ஒரே நொடியில் விளக்கும் சொல். ஆனால் அதற்குத் தரப்படும் விளக்கம் விரிவு பெற வேண்டும். முழங்கை மூன்று மூட்டுகளின் தொகுதி என்பதும், கையிலுள்ள சுமையைப் போலப் பன்மடங்கு விசையை அது ஏற்கிறது என்பதும், சில பாகை நெகிழ்வும் குருத்தெலும்பின் வழுக்கலுமே அதனைக் காக்கின்றன என்பதும் பாடநூலிலும் கலைச்சொல் விளக்கத்திலும் அச்சொல்லோடு சேர்ந்து வருதல் வேண்டும்.